பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டரா, பியூர் சயின்ஸா? மார்க் ஷீட்டோடு வாசலில் நிற்பவர்களுக்கு

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம் குறையாது. பழைய வண்ணாரப்பேட்டையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு அறையில், பதினாறு வருஷமாக பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். மே மாசம் வருகிறவர்கள் யாரும் கெமிஸ்ட்ரி கேட்பதில்லை. "இன்னா குரூப்பு போடலாம் மிஸ்?" என்பதுதான் கேள்வி.

இந்த வருஷம் முதலில் வந்தது தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா. பொண்ணு 500க்கு 418. சயின்ஸ் 93, மேத்ஸ் 64. பொண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலை மேல் கண். தாய்மாமனுக்கு அவளை இன்ஜினியராக்கணும். அக்காவுக்கு வீட்டில் சண்டை வராமல் இருக்கணும். "ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப்பே தர்றேன்னுட்டாங்க மிஸ். அத்த எட்துட்டா ரெண்டு பக்கமும் போலாமாமே? பேசாம அதையே போட்டுடலாமா?"

அந்த 'ரெண்டு பக்கமும் போகலாம்' என்கிற வார்த்தையில்தான் எனக்குப் பல வருஷத் தகராறு. சொன்னது பொய் இல்லை. அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம பக்கம் ஃபர்ஸ்ட் குரூப் என்றால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி; பயோ-மேத்ஸ் என்பதும் இதுதான். பயாலஜிக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வைத்தால் அது கம்ப்யூட்டர் குரூப். மேத்ஸை எடுத்துவிட்டு பாட்டனியையும் சுவாலஜியையும் தனித்தனிப் பாடமாக வைத்தால் பியூர் சயின்ஸ். தமிழும் இங்கிலீஷும் எல்லோருக்கும் உண்டு. ஆக ஆறு பாடம், 600 மார்க். ஃபர்ஸ்ட் என்று பேர் வைத்ததாலேயே அதுதான் உசத்தி, மற்றதெல்லாம் அது கிடைக்காதவர்களுக்கு என்று ஒரு எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் இல்லை இது. மூன்றும் வேறு வேறு ஊருக்குப் போகிற ரயில்.

மூன்றில் எது என்று ஒரே மூச்சில் கேட்பதால்தான் குழப்பம். என்னைக் கேட்டால் கேள்வி ரெண்டு. முதல் கேள்வி: மேத்ஸ் வேணுமா, வேண்டாமா? இதற்கு வேண்டாம் என்று பதில் வந்தால் பியூர் சயின்ஸ், கதை முடிந்தது. வேணும் என்றால்தான் ரெண்டாவது கேள்வி: நாலாவது பாடம் பயாலஜியா, கம்ப்யூட்டரா? வீடுகளில் இதைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். டாக்டரா இன்ஜினியரா என்று ஆரம்பித்து, பதில் தெரியாமல் ரெண்டையும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

மேத்ஸ் கேள்வியை அக்காவுக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்தான் எனக்குக் கரும்பலகை. தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு கட்-ஆஃப், அதாவது வரிசைப்படுத்தப் போடும் மார்க், 200க்கு. நுழைவுத் தேர்வை 2007லேயே எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மார்க் மட்டும்தான். அதில் மேத்ஸ் மார்க் அப்படியே சேரும், பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதிதான் சேரும். பொண்ணு பிளஸ் டூவில் மேத்ஸ் 65, பிசிக்ஸ் 78, கெமிஸ்ட்ரி 84 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 65, கூட 39, கூட 42. மொத்தம் 146. பயாலஜியில் அவள் 92 வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

பத்திரிகையைத் திருப்பி, கால்நடை மருத்துவப் படிப்புக்கான கட்-ஆஃபைப் போட்டேன். அங்கே பயாலஜி முழுசாகச் சேரும், பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி. 92, 39, 42. மொத்தம் 173. அதே பொண்ணு, அதே மூளை, அதே ராத்திரிக் கண்விழிப்பு. 27 மார்க் வித்தியாசம். வெட்னரி சீட்டுக்கு 173 பத்தாது, அங்கே போட்டி கடுமை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். நான் காட்ட வந்தது சீட்டை இல்லை. மேத்ஸில் தடுமாறுகிற பிள்ளை இன்ஜினியரிங் பக்கம் போனால், அவளுடைய பலவீனத்துக்குத்தான் அங்கே முழு மார்க், பலத்துக்குப் பாதி, இல்லையென்றால் அதுவும் இல்லை.

மேத்ஸ் நன்றாக வருகிற பிள்ளைக்கு இதே கணக்கு நேர் எதிராக வேலை செய்யும். பத்தாவதில் மேத்ஸ் 90க்கு மேல் வாங்கியவர்களை, டாக்டர் கனவு உறுதியாக இல்லாத பட்சத்தில், மேத்ஸை விடச் சொல்லவே மாட்டேன். இன்ஜினியரிங் மட்டுமில்லை, ஆர்க்கிடெக்சர், ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் என்டிஏ வழியாக நேவி, ஏர்ஃபோர்ஸ் எல்லாவற்றுக்கும் பிசிக்ஸும் மேத்ஸும் கேட்பார்கள். காசிமேட்டுப் பையன்கள் வருஷத்துக்கு ரெண்டு பேராவது "கப்பல் வேலைக்குப் போணும் மிஸ்" என்று வருவார்கள். மெர்ச்சன்ட் நேவியில் டெக் ஆபீசராக, நாட்டிக்கல் சயின்ஸ் படிக்க, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், இங்கிலீஷில் 50. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வும் உண்டு. கண்ணில் நிறக்குருடு இருந்தால் எவ்வளவு படித்தாலும் எடுக்கமாட்டார்கள்; அதை மட்டும் குரூப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு கண் டாக்டரிடம் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரெண்டாவது கேள்விக்கு வருவோம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போக கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்கணும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையே இல்லை. மேலே போட்ட கட்-ஆஃபில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கே வந்தது? பயோ-மேத்ஸ் படித்த பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கும். அப்படியானால் கம்ப்யூட்டர் குரூப்பால் என்ன லாபம்? பாரம் குறைவு, அதுதான் லாபம். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான், கொஞ்சம் டேட்டாபேஸ். ஒழுங்காக உட்கார்ந்தால் 90க்கு மேல் வாங்கிவிடக்கூடிய பாடம். மிச்சமாகிற நேரத்தை மேத்ஸில் போடலாம்.

பயோ-மேத்ஸில் அந்த நேரம் மிச்சமாகாது. அங்கே பயாலஜி ஒரு பாடம் என்றுதான் எழுதியிருக்கும். புத்தகம் ரெண்டு: பயோ-பாட்டனி, பயோ-சுவாலஜி. ரெண்டையும் படித்து 35, 35 என்று 70க்குத் தேர்வு எழுத வேண்டும். பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. அதற்கு மேல் நீட் என்று கிளம்பினால் 180 கேள்வியில் 90 பயாலஜி. 720 மார்க்கில் பாதி அதிலேயே இருக்கிறது. மேத்ஸில் இன்டெக்ரேஷன் ஒரு பக்கம், மரபியல் ஒரு பக்கம். சாமர்த்தியமான பிள்ளைகள் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் சாமர்த்தியம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சில வருஷத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். அப்பா போட்டில் போகிறவர். பையன் விடிகாலை நாலு மணிக்கு ஹார்பரில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, குளித்து, பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் டியூஷனுக்கு வந்து உட்காருவான். மூளை கூர்மை. பயோ-மேத்ஸ் எடுத்திருந்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. ஏழரை மணிக்கு அவன் தலை டெஸ்க்கில் சாயும். எழுப்ப மனசு வராது. பிளஸ் டூ முடிவில் நீட்டும் எட்டவில்லை, கட்-ஆஃபும் தேறவில்லை. ஒரு பாட்டனி புத்தகமும் ஒரு சுவாலஜி புத்தகமும் இல்லாமல் இருந்திருந்தால் மேத்ஸில் இன்னும் இருபது மார்க் அவனுக்கு நிச்சயம் வந்திருக்கும். அவனைக் கம்ப்யூட்டர் குரூப்புக்கு மாற்றச் சொல்லாதது என் தப்பு. ஜூன் மாதமே சொல்லியிருக்கலாம். அவன் பாலிடெக்னிக்கில் நேராக ரெண்டாம் வருஷம் சேர்ந்து, டிப்ளமோ முடித்து, வேலையில் இருக்கிறான். அவன் அம்மா இன்னும் மீன் கொடுத்தனுப்புகிறார்.

அதனால் பயோ-மேத்ஸை நான் ரெண்டே வகைப் பிள்ளைகளுக்குத்தான் சொல்வேன். மேத்ஸ், சயின்ஸ் ரெண்டிலும் 90க்கு மேல் வாங்கி, வீட்டில் சாயங்காலம் படிக்க நேரமும் இடமும் இருக்கிறவர்கள் ஒரு வகை. நீட் எழுதியே தீருவேன், கிடைக்கவில்லை என்றால் இன்ஜினியரிங் என்று தெளிவாகச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. தெரியவில்லை, அதனால் ரெண்டும் இருக்கட்டும் என்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் குரூப்போ பியூர் சயின்ஸோ, ஏதாவது ஒன்றைத் துணிந்து எடுப்பதே மேல். பிளஸ் டூ முடித்த பிறகு பயாலஜியைத் தனிப்பாடமாக எழுதி நீட்டுக்குப் போகவும் 2023ல் தேசிய மருத்துவ ஆணையம் வழி விட்டிருக்கிறது. சுற்று வழிதான், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கதவில் பூட்டு தொங்கவில்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

பியூர் சயின்ஸுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நம்ம ஏரியாவில் அதிகம் தப்பாகப் பேசுகிறார்கள், ரெண்டு பக்கமும்.

ஒரு பக்கம், அது சுமாராகப் படிக்கிறவர்களுக்கு என்ற பேச்சு. நீட்டுக்கு மேத்ஸ் தேவையில்லை. பி.எஸ்சி நர்சிங், லேப், ரேடியாலஜி மாதிரி பாராமெடிக்கல் படிப்புகளுக்கு நீட்டே தேவையில்லை; பிளஸ் டூ மார்க்கில் கவுன்சலிங். பி.ஃபார்முக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோடு மேத்ஸோ பயாலஜியோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் நீட் இல்லை. வேப்பேரியில் 1903ல் தொடங்கிய மெட்ராஸ் வெட்னரி காலேஜ் நமக்கு ஒரு பஸ் தூரம். அந்தக் காலேஜ் சேர்ந்திருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே மாதவரம் பால்பண்ணையில்தான். மீன்வளப் படிப்புக்கு பொன்னேரியில் கல்லூரி இருக்கிறது, மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடலோரமாகவே குடியிருக்கிற நம்ம ஜனங்களில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களை எண்ணிவிடலாம். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் அப்ரெண்டிஸ் எடுக்கும்போது பேத்தாலஜி, ரேடியாலஜி டெக்னீசியன் இடங்களுக்கு பிளஸ் டூவில் பயாலஜி படித்தவர்களைத்தான் கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம், மேத்ஸ் இல்லை, ஜாலி என்று நினைத்து வருகிறவர்கள். அவர்களை பிசிக்ஸ் பிடித்துக்கொள்ளும். பிளஸ் ஒன் பிசிக்ஸ் ரெண்டாவது பாடத்திலேயே வெக்டர், டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன் வந்துவிடும். பயோ-மேத்ஸ் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மேத்ஸ் டீச்சர் இருக்கிறார். பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு அவர் இல்லை. பிசிக்ஸ் சாரே ரெண்டு பீரியடில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். என்னிடம் ஒரு பையன் வருவான், கேரம் போர்டில் புலி. காயை எந்தக் கோணத்தில் அடித்தால் கட்டையில் பட்டு எந்தப் பாக்கெட்டுக்குப் போகும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவான். அதே கோணத்தை சைன் தீட்டா என்று எழுதினால் முகம் வெளுத்துவிடும். கெமிஸ்ட்ரியிலும் பி.எச் கண்டுபிடிக்க லாகரிதம் வேண்டும். பியூர் சயின்ஸ் எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பள்ளி திறக்கும் முன் மேத்ஸ் குரூப் பிள்ளையிடம் புத்தகம் வாங்கி, டிரிகோனோமெட்ரியும் டிஃபரன்சியேஷனும் அடிப்படை மட்டும் ஒரு பதினைந்து நாள் போட்டுப் பழகுங்கள். இதைச் செய்தவர்கள் பிசிக்ஸில் தப்பித்தார்கள்.

பியூர் சயின்ஸ் எடுத்துவிட்டு மனசு மாறினால்? பொது கவுன்சலிங்கில் பி.இ. கிடையாது, அதில் சந்தேகம் வேண்டாம். கம்ப்யூட்டர் பக்கம் முழுசாகக் கதவடைப்பும் இல்லை. ஐஐடி மெட்ராஸ் 2020ல் ஆரம்பித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு பத்தாவதில் மேத்ஸும் இங்கிலீஷும் படித்து, எந்த குரூப்பிலானாலும் பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். உள்ளே நுழைந்த பிறகு மேத்ஸ் துரத்தும், அது வேறு விஷயம்.

எந்த குரூப் எடுத்தாலும் என் பாடத்திலிருந்து தப்பிக்க முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த வாரம் டியூஷனுக்கு வந்த ஒரு பொண்ணு, அத்தை வீடு அங்கே, கேட்டாள்: "சால்ட் அனாலிசிஸ்ல சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தி சூடு பண்ணா வருமே, அந்த வாசனைதானே மிஸ்?" அதேதான். ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் நனைத்த கண்ணாடிக் குச்சியைக் காட்டினால் வெள்ளைப் புகை கிளம்புமே, அந்த வாயுதான். தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால்தான் ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்கிறார்கள் என்றதும் அவள் உடனே போனை எடுத்து அத்தைக்குச் சொன்னாள். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வாழ்கிற பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி வெறும் மார்க் பாடம் இல்லை. சரி, என் பாடத்தின் பெருமை போதும்.

குரூப்பைவிடப் பள்ளிக்கூடம் முக்கியமாகிப்போவதும் உண்டு. அட்மிஷன் போடுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் வெட்கப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த நாலு பாடத்துக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறார்களா, போன வருஷம் லேபில் பிள்ளைகள் கையால் பிராக்டிகல் செய்தார்களா, பிளஸ் ஒன் பாடத்தை முழுசாக நடத்துகிறார்களா. மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பிளஸ் ஒன்னுக்கு 2017-18ல் வந்த பொதுத் தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கிற பழைய வியாதி திரும்பி வரும். நீட்டிலும், ஐஐடிக்கான நுழைவுத் தேர்வு ஜேஇஇயிலும் ரெண்டு வருஷப் பாடமும் வரும்.

இன்னொன்று, இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை பிளஸ் ஒன்னுக்கு 'நல்ல ஸ்கூல்' என்று தனியாருக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றினால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடும். மருத்துவத்தில் 2020லும், இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் இவற்றில் 2021லும் வந்த ஒதுக்கீடு அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். வடசென்னையில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. கட்டடம் பழசு, பேர் பெரிசு, ஃபீஸும் குறைவு என்பதால் அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தான் என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயை உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவிகளுக்கும் பிறகு நீட்டித்தார்கள். 7.5ஐ அப்படி நீட்டிக்கவில்லை.

தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிளஸ் ஒன்னில் தாவலாமா என்றும் கேட்பார்கள். நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் இருக்கிறது. தாவ வேண்டாம். காமர்ஸும் தொழிற்கல்வியும் வேறு பாதை, சயின்ஸ் பிடிக்காத பிள்ளையைப் பிடித்து வைக்காதீர்கள். ஐசிஎஃப்பில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் அப்ரெண்டிஸுக்குப் பத்தாவதே போதும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கல்யாணப் பத்திரிகையை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள், தம்பிக்குக் காட்டணுமாம். நான் பொண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆஸ்பத்திரியில எது பிடிக்கும்?" ஆயாவை ஸ்டான்லியில் சேர்த்திருந்தபோது ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்களே, அதை எடுத்துக்கொண்டு போய் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை என்றாள். பியூர் சயின்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்த அரசுப் பள்ளியிலேயே பாட்டனிக்கும் சுவாலஜிக்கும் தனித்தனி டீச்சர் இருப்பதை அக்காவே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

தாய்மாமன் நாலு நாள் அக்காவிடம் பேசவில்லை. அஞ்சாம் நாள் கடைக்கு வந்து, ரெண்டு இட்லி வாங்கிக்கொண்டு, "அந்த மேத்ஸ் புக்கு யாராண்ட வாங்கறது, பதினஞ்சு நாள் போடணுமாமே" என்று கேட்டானாம்.